கோச்சி ஓடும் பாதைக்கு அடியில்

இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ரயில் (எங்கள் ஊர்ப் பேச்சில் கோச்சி) பாதைக்கு அடியில் குழாய் தள்ளிய அனுபவம் இது. இதே வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய கல் மதகு அடைத்துக்கொண்டு, மேல்பக்கம் மழைத்தண்ணீர் தேங்கி மண்மேடு ஊறிக்கொண்டிருந்தது. மேட்டை வெட்டித் திறந்தால் ரயில் நிற்கும். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதைதான், சுற்றிப்போக வழியில்லை. அதனால் 1.5 மீட்டர் விட்டமுள்ள கொங்கிரீட் குழாய்களை ஒரு பக்கமிருந்து ஜாக்கியால் தள்ளி, உள்ளே ஆள் வைத்து மண்ணெடுத்தோம். குழாய்க்கும், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைக்கும் நடுவே 3 மீட்டர் மண்தான்.

குழாயின் கொள்ளளவைவிட 2 சதவீத மண் கூடுதலாக வந்துவிட்டால் மேலே நிலம் 7, 8 மில்லிமீட்டர் இறங்கும். 3 சதவீதமென்றால் 11. 5 மில்லிமீட்டர் இறங்கினால் எச்சரிக்கை, 10 இறங்கினால் வேலை நிறுத்தம் என்று வைத்தோம். ரயிலின் வேகத்தையும் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் உருண்டைப் பாறை ஒன்று முட்டியது. மலைநாட்டில் பாறை உக்கி மண்ணாகும்போது இப்படி உக்காத கற்கள் நடுவில் தங்கிவிடும். மண்ணைச் சோதிக்க முன்பு நாங்கள் துளைபோட்ட இரண்டு இடங்களிலும் அது தட்டுப்படவில்லை. உடைத்து எடுத்ததும் அதன் தலைக்கு மேலிருந்த ஈரமண் பொலபொலவென்று விழுந்தது. மண்மூட்டை வைத்து முகப்பை அடைத்துவிட்டு மேலே ஓடினேன். தண்டவாளத்தின் மட்டம் 3 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பாதை பராமரிக்கும் மூத்த அண்ணர் ஒருவர் இல்லையென்று தலையாட்டினார். "இரும்ப நம்பாதீங்க மிஸ். கோச்சி போகட்டும், பாப்போம்."

ஸ்லீப்பர் ஓரத்துக்கு நேர் கீழே ஒரு முளை அடித்து, அதன் தலையில் எலுமிச்சையளவு களிமண்ணை ஸ்லீப்பரைத் தொட்டபடி வைத்தார். பொடி மெனிக்கே ரயில் மெதுவாகக் கடந்து போனது. களிமண் ரொட்டி மாதிரி தட்டையாகிக் கிடந்தது. தண்டவாளம் விறைப்பானது, கீழே மண் இறங்கினாலும் பள்ளத்தின் மேல் பாலம்போல் நிற்கும், ஸ்லீப்பர் அதில் தொங்கும். ஸ்லீப்பருக்கு அடியில் பரப்பிய சல்லிக்குக் கீழே, மண்ணிலேயே மட்டம் அளக்கும் குறியடிக்கும்படி நான் கேட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் எல்லாக் குறியையும் தண்டவாளத்தின் மேல்தான் போட்டிருந்தேன்.

அன்றிரவே தொங்கிய ஸ்லீப்பருக்கு அடியில் சல்லி திணித்தோம். விழுந்த மண்ணின் இடத்தைக் குழாய்க்குள்ளிருந்து சீமெந்துப் பால் அழுத்தி நிரப்பினோம். அப்புறம் குழாய் விளிம்புக்கு முன்னால் ஒரு கரண்டி மண்கூட எடுக்க விடவில்லை. மண்ணில் புதிதாக அடித்த ஆறு குறிகளில் கடைசி வரை அதிகபட்சம் 4 மில்லிமீட்டர்தான். குழாய் மறுபக்கம் வந்த பிறகும் இரண்டு கிழமை அளந்து, குறிகள் அசையவில்லை என்று தெரிந்த பிறகே வேகக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னேன்.