பதினோராவது படம்

ஒளிப்படப் பயிற்சியின் முதல் பருவம் முடியும் தறுவாயில், நாங்கள் எடுத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் காட்சியமைப்பையும் நுட்பத்தையும் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தருமாறு ஆசிரியர் கேட்டிருந்தார். படம் எடுப்பதைவிட எளிய வேலை என்றே நினைத்தேன். ஊசியில் நூல் கோக்கும் என் பாட்டியின் படத்தை எடுத்துக்கொண்டு, சட்டகத்தை மும்மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி முகம் வலப்பக்கக் கோட்டில் அமைந்திருப்பதாகவும், சுவரில் விழுந்த சன்னல் கம்பிகளின் நிழல் பார்வையை அம்முகத்திற்கு இட்டுச் செல்வதாகவும், பின்னணியை மங்கலாக்கவே லென்ஸின் ஒளித்திறப்பான அப்பர்ச்சரை எஃப் 1.8 வரை அகலத் திறந்ததாகவும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

குறிப்பு திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டுமே இருந்தது: "ஊசி எங்கே?"

படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு துல்லியமாக இருந்தது. ஊசியும் அதைப் பிடித்திருந்த விரல்களும் வெறும் வெளிறிய திட்டுகளாகக் கரைந்திருந்தன. இரண்டு வாரம் பார்த்தும் இது என் கண்ணில் படாததற்குக் காரணம், ஊசியை நான் நேரில் பார்த்திருந்ததுதான். படத்தில் இல்லாததை நினைவு அவ்வப்போது இட்டு நிரப்பிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது பிழை இன்னும் தெளிவாயிற்று. 35 மி.மீ. படச்சுருள் அளவு உணரி கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் குவித்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. மட்டுமே. பாட்டி ஊசியைக் கண்ணிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தார். அப்பர்ச்சரை எஃப் 5.6-க்குக் குறைத்திருந்தால் (எண் கூடினால் திறப்பு குறுகும்) ஆழம் 13 செ.மீ. அளவுக்குக் கூடியிருக்கும், ஆனால் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 400-லிருந்து 3200-க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருந்திருக்கும். அதனால் படத்தில் வரும் மணல் போன்ற புள்ளிகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்போதும் முகமும் ஊசியும் ஒருசேரத் துலங்கியிருக்கமாட்டா என்பதுதான் சிக்கல்.

(மூன்றில் ஒரு பங்கு விதிக்கு அப்பெயரை 1797-இல் எழுத்தில் பதிந்த ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித், கண்களைக் கோடுகள் வெட்டும் புள்ளியில் வைப்பதைப் பற்றிப் பேசவில்லை, ஓவியத்தில் ஒளியும் இருளும், நிலமும் வானமும் எந்த விகிதத்தில் அமைய வேண்டும் என்பதே அவருடைய அக்கறை. நானோ அவ்விதியைத் தேர்வுத்தாளில் எழுதும் விடைபோல ஒப்பித்திருந்தேன்.)

வகுப்பில் பிறருடைய குறிப்புகளும் இப்படித்தான் இருந்தன. ஓடும் நாயைப் படமெடுத்த நண்பன், அசைவைக் காட்டவே ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்கு இறக்கி நாயோடு கேமராவையும் நகர்த்தியதாக எழுதியிருந்தான். அவ்வாறு நகர்த்தியிருந்தால் நாய் ஓரளவேனும் தெளிவாகவும் பின்னணி கிடைக்கோடுகளாகவும் பதிந்திருக்கும். அவன் படத்தில் நாய், மரம், வேலி எல்லாமே ஒரே அளவுக்குக் கலங்கியிருந்தன. கை நடுங்கியது என்று எழுதியிருந்தால் அக்குறிப்பால் அவனுக்கே பயன் விளைந்திருக்கும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊர்மீது எழுந்த நிலவை எடுத்ததைப் பற்றிக் கூறியவை இவ்வகையில் எனக்கு நல்ல முன்மாதிரி. ஒளிமானி கைக்கு அகப்படாததையும், நிலவின் ஒளிர்வளவு நினைவிலிருந்ததால் அதைக் கொண்டே எக்ஸ்போஷரை, அதாவது பதிய வேண்டிய ஒளியளவை, கணித்ததையும், இரண்டாவது படம் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள்மீதிருந்த வெயில் மறைந்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. அறிந்து செய்தது எது, கைகூடாமல் போனது எது என்று அவர் சொல்வதிலிருந்தே பிரித்தறிய முடிகிறது.

அன்று பாட்டியை நான் எடுத்தவை மொத்தம் பதினான்கு படங்கள். அனைத்தையும் மீண்டும் வரிசையாகப் பார்த்தபோது, முதல் பார்வையிலேயே ஒதுக்கியிருந்த பதினோராவது படத்தில் நின்றுவிட்டேன். அது பக்கவாட்டிலிருந்து எடுத்தது. கண்ணும் நூலும் ஊசியும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருந்ததால் அந்த 4 செ.மீ. ஆழமே மூன்றுக்கும் போதுமானதாக இருந்தது. ஊசிக்காதில் பட்ட வெளிச்சம்கூடப் பதிந்திருந்தது. ஊசி நட்டநடுவே இருக்கிறது, பின்தலை சட்டகத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதற்காகவே அதைக் கழித்திருந்தேன். அப்பர்ச்சரைக் கொண்டு நான் தீர்க்கத் தவறியதை நிற்கும் இடம் தீர்த்துவைத்திருந்தது.

புதிய குறிப்பை அந்தப் படத்துக்கே எழுதினேன். பின்தலை வெட்டுப்பட்டதை இப்போதும் குறையென்றே கருதுகிறேன், அரையடி பின்வாங்கியிருக்கலாம். ஏன் பக்கவாட்டுக்கு நகர்ந்தேன் என்பதை விளக்கும் இடத்தில்தான் பேனா நெடுநேரம் தயங்கியது. குவியத்தைப் பற்றிய சிந்தனை எதுவும் அப்போது என்னிடம் இல்லை. பத்துப் படம் வரை மண்டியிட்டே இருந்ததில் முழங்கால் மரத்துப்போயிருந்தது. காலை நீட்டிக்கொள்ள நகர்ந்தேன். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.