புது நைட்ரோ எஞ்சினுக்கு முதல் ஐந்து டேங்க்

ரிமோட் ட்ரக்கில் புது நைட்ரோ எஞ்சினை (மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின்) மாட்டியதும் முழு வேகத்தில் விரட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பயந்து பலர் செய்வது இன்னும் கெடுதல். வண்டியைச் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, சைலன்சரில் எண்ணெய் சொட்டச் சொட்ட, டேங்க் டேங்காக ஐடிலிங்கிலேயே ஓட விடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அப்படி ஓடும் எஞ்சின் பழகாது, தேயும்.

இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ், மேலே போகப் போக மயிரிழை அளவு குறுகும். பிஸ்டன் சிலிக்கன் கலந்த அலுமினியம். ஆறிக் கிடக்கும்போது ஃப்ளைவீலை விரலால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் கப்பென்று பிடிக்கும். அதுதான் பிஞ்ச். சூடேறினால் பித்தளை பிஸ்டனைவிட அதிகமாக விரியும், பிடி தளரும், வேண்டிய இடைவெளி கிடைக்கும். சூடில்லாமல் ஓடினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் போய்ச் சிக்கும். அந்த அடி முழுவதும் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்ப் புஷ்ஷில் விழும். சில டேங்க் கழித்து ராட் ஆட்டம் காணும், பிஞ்ச் போய்விடும். பிறகு சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

ஆகவே முதல் டேங்கிலிருந்தே ஹெட்டின் சூடு, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை ஒட்டி அளந்தால், 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கையில் இல்லாத நேரம் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: மூன்று நான்கு வினாடி கொதித்து வற்றினால் சரி, பட்டதும் சீறி மறைந்தால் சூடு அதிகம், சும்மா கிடந்தால் போதாது. ரிச்சாக (எரிபொருள் கூடுதலாகக் கலந்து) ஓடும் எஞ்சின் தானாகவே குளிர்ந்துதான் இருக்கும். அதற்காக நீடிலை (கார்பரேட்டரில் எரிபொருள் அளவை மாற்றும் திருகு) லீன் செய்யாதீர்கள், அதாவது எரிபொருளைக் குறைக்காதீர்கள். பதிலாக, சூடு தங்க, ஹெட்டின் ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) பாதியை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக்காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரை வேண்டாம். சங்குத்துறை, முட்டம், மணவாளக்குறிச்சி எதுவானாலும் வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலிலிருந்துதான் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் பிரித்தெடுக்கிறார்கள். கார்னெட் உப்புத்தாள் செய்யவே பயன்படும் கல். அந்தத் தூள் துளி கார்பரேட்டருக்குள் போனாலும் பிஸ்டனும் ஸ்லீவும் ஒரே டேங்கில் கோடு கோடாகிவிடும். நெல் காயப்போடும் சிமெண்ட் களம் காலியாக இருந்தால் அதுதான் நல்ல இடம்; பெருக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஃபில்டரில் சோம்பல் காட்டாதீர்கள். ஃபோமை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு, ஃபில்டர் ஆயில் ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆகும்வரை பிசையுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் ஒற்றி மிச்சத்தை எடுங்கள். ஃபில்டரின் கழுத்தைக் கார்பரேட்டரில் மாட்டியதும் ஜிப் டை போட்டு இறுக்குங்கள். தூசி பெரும்பாலும் நுழைவது அந்தக் கழுத்து வழியாகத்தான்.

எரிபொருளில் 20 சதவீத நைட்ரோ இருந்தால் போதும். பிரேக்-இன்னுக்கு (எஞ்சினைப் பழக்கும் இந்த முதல் ஓட்டத்துக்கு) எதைப் போடுகிறோமோ அதையே பிறகும் போடுங்கள். மாற்றினால் டியூனிங் முழுவதும் மாறும். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்க் காற்றில் டின் மூடியைத் திறந்து வைத்தால் எரிபொருள் கெட்டுப்போகும். வீட்டில் கலக்க நினைக்கவே வேண்டாம்: மெத்தனால் கொடிய விஷம், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, வாங்க உரிமமும் வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன் நீடில்கள் கம்பெனி சொன்ன அளவில் இருக்கின்றனவா என்று மேனுவலைப் பார்த்துச் சரிபாருங்கள். வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் ரிச். ஹெட்டை ஹேர் டிரையரால் 70, 80 டிகிரி வரை சூடாக்குங்கள். அப்படியும் ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வரவில்லையென்றால் குளோ பிளக்கை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட் செய்து, ஓடத் தொடங்கியதும் இறுக்குங்கள். கயிற்றை ஒரு சாணுக்கு மேல் இழுக்காதீர்கள். கடைசிவரை இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் போய்விடும். திடீரென்று கயிறு கல் மாதிரி நின்றால் எஞ்சினுக்குள் எரிபொருள் நிறைந்திருக்கிறது. பலம் காட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, கண்ணுக்கு நேரே பிடிக்காமல் நாலு இழு இழுத்தால் வெளியே வந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் சூடேறும்வரைதான் ஐடிலிங். பிறகு தரையில் இறக்கி ஓட்டுங்கள். முதல் டேங்க் கால்வாசி த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்): இரண்டு வினாடி பைய ஏற்றி, பிரேக் போட்டு, மறுபடியும் ஏற்ற வேண்டும். ஒரே வேகத்தில் பிடித்து வைக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் டேங்க் அரை த்ராட்டில். நான்காவதில் முழு த்ராட்டில்வரை மூன்று வினாடியில் போய் உடனே விட்டுவிடலாம். ஐந்தாவதில் இரண்டு வினாடி பிடிக்கலாம். ஓடும்போதெல்லாம் நீலம் கலந்த வெள்ளைப் புகை வால் மாதிரி தெரிய வேண்டும். டேங்க் வற்றும் முன்பே நிறுத்திவிடுங்கள். கடைசித் துளிகளில் காற்று கலந்து கலவை லீனாகி, சூடு சட்டென்று ஏறும். ஒவ்வொரு டேங்குக்கும் நடுவே கால் மணி நேரமாவது ஆற விடுங்கள். ஆறும்போது பிஸ்டன் கீழே இருக்க வேண்டும். உச்சியில் விட்டால் ஸ்லீவ் சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும், பிஞ்சும் கெடும். பிஸ்டன் அடியில் இருக்கும் நிலைக்கு ஃப்ளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் வேலை சுலபம்.

ஆறாவது டேங்கிலிருந்து ஹை ஸ்பீடு நீடிலை ஒரு தடவைக்குப் பதினாறில் ஒரு சுற்று என்று லீன் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் சூட்டைப் பாருங்கள். 130 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி, எட்டில் ஒரு சுற்று ரிச் செய்யுங்கள். புகை மறைந்தாலும் அதேதான். லோ ஸ்பீடு நீடிலுக்கு, ஐடிலிங்கில் கார்பரேட்டரை ஒட்டி ஃபியூயல் ட்யூபை நசுக்கிப் பாருங்கள்: சத்தம் சற்று ஏறி மூன்று நான்கு வினாடியில் நின்றால் சரி. உடனே நின்றால் லீன், நீண்ட நேரம் ஓடினால் ரிச். நீடிலை எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிங் ஏறியும் இறங்கியும் நிலையில்லாமல் இருந்தால் நீடிலை விடுங்கள். கார்பரேட்டர் கழுத்து ஓ-ரிங்கிலோ பேக் பிளேட்டிலோ காற்று இழுக்கிறது.

மழை விட்ட காலையில் செய்த டியூனிங் உச்சி வெயிலுக்கு ஒத்துவராது. நம் மாவட்டத்துக்கு மழைக்காலமும் இரண்டு. ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரை எடுங்கள்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, உள்ளே தங்கியது எரிந்து தீரும்வரை ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பிளக் ஓட்டையிலும் கார்பரேட்டரிலும் ஐந்தாறு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்ததும் துருப்பிடிக்காமல் விடும் எண்ணெய்) விட்டு, கயிற்றை இழுத்துச் சுற்ற விடுங்கள். எரிந்த நைட்ரோவின் அமிலமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் முதலில் துருப்பிடிப்பது கிராங்கின் பின் பேரிங். குளச்சல், ராஜாக்கமங்கலம் மாதிரி கரையோரத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் இரவுகூட இதைத் தள்ளிப்போட வேண்டாம்.