ஒருக்களித்தால் பரவாயில்லை, குப்புறக் கவிழக் கூடாது: என் பாய்ப்படகுத் தேர்வு அனுபவம்

காரைக்குடிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். உருப்படியான பதில் என்னிடம் இல்லை. ராமநாதபுரம் பக்கம் ஒரு முகாமில் பாய்ப்படகு அடிப்படைச் சான்றிதழுக்குச் சேர்ந்தேன். செய்முறைத் தேர்வில் முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறினேன். விட்டது ஒரே இடத்தில்தான்: கவிழ்ந்த படகை நிமிர்த்தும் பகுதி. முடிச்சுகள், காற்றின் திசை, எந்தப் படகு எதற்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். அதனால் இந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சின்னப் பாய்ப்படகு கவிழ்வது குற்றமே இல்லை. கவிழ்க்கச் சொல்லித்தான் தேர்வே வைப்பார்கள். பாய்மரம் தண்ணீர்மேல் படுத்து, படகு ஒருக்களித்துக் கிடக்கும்வரை ஒரே ஆள் நிமிர்த்திவிடலாம். பாய்மரம் கீழே இறங்கி, படகின் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தால் சிக்கல். பயிற்சியாளர்கள் இதை 'டர்ட்டில்' என்பார்கள். ஆமை ஓடு மாதிரிதான் இருக்கும். பாக் நீரிணையில் கரையோரம் ஆழம் குறைவு, அடியில் சேறு. பாய்மர நுனி அதில் குத்திக்கொண்டால் பாதுகாப்புப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான் காத்திருந்தேன். படகு சாய்ந்ததும் பயத்தில், மேலே எழும்பிய விளிம்பை உள்பக்கமிருந்து பிடித்துத் தொங்கினேன். கை வழுக்கிப் பாயின் மேலேயே விழுந்தேன். அப்புறம் பாயின் அடி ஓரத்தைப் பிடித்திருக்கும் பூம் கட்டையில் கால் வைத்து ஏறப் பார்த்தேன். மூன்றுமே தப்பு. என் எடை முழுவதும் பாய்மரத்தைக் கீழே அழுத்துகிற பக்கத்தில்தான் இருந்தது. அரை நிமிடத்தில் கதை முடிந்தது.

ஊருக்குத் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பாய்மரத்தை 6 மீட்டர் நீளம், 6.4 செ.மீ. வெளி விட்டம், 2.5 மி.மீ. தடிமன் உள்ள அலுமினியக் குழாய் என்று வையுங்கள். எடை சுமார் 8 கிலோ. இரண்டு முனையும் அடைபட்டிருந்தால் 19 லிட்டர் தண்ணீரை விலக்கும். அதாவது சுமார் 11 கிலோ தூக்குவிசை மிச்சம். உள்ளே தண்ணீர் நிரம்பினால் அலுமினியம் மட்டுமே விலக்கும் 3 லிட்டர்தான் கணக்கு. அப்போது 5 கிலோ இழுவை, கீழ்நோக்கி. அதே மரம்தான். காற்று இருந்தால் மிதவை, தண்ணீர் இருந்தால் நங்கூரம். எழுத்துத் தேர்வில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 'பாய்மரத்தை அடைக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதுவதைவிட இது பேசும்.

நம்பிக்கை வராமல் செக்காலை ரோட்டில் ஒரு பி.வி.சி. குழாயும் இரண்டு மூடிகளும் வாங்கி, கண்மாய்க்குக் கொண்டுபோனேன். (ஊருணியில் போட்டிருந்தால் ஐயா என்னையும் சேர்த்து உள்ளே போட்டிருப்பார், குடிதண்ணீர்.) மூடி ஒட்டிய குழாய் சும்மா மிதந்தது. ஒரு முனையில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு குமிழி குமிழியாக விட்டு, ஓட்டை போட்ட முனை மெதுவாகத் தாழ்ந்தது. கவிழ்ந்த படகிலும் இதே கதைதான்: ரிவெட் இடுக்கு, கயிறு போகும் துளை, தேய்ந்த மூடி வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

மர உச்சியில் மிதவை கட்டுவது இன்னொரு வழி. கண்மாயில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிவிடுவார்களே, அதுதான். 5 மீட்டர் உயரத்தில் 10 லிட்டர் மிதவை என்றால், 50 கிலோ ஆள் படகிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று தாங்குவதற்குச் சமம். பாயின் மேல் மூலையில் நுரைப் பட்டை வைப்பதும் உண்டு. ஆனால் உச்சியில் எடையும் காற்றுத்தடையும் கூடும். பந்தயத்தில் அந்தப் படகு வகையின் விதி அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்து உயரமாக மிதக்கும் படகைக் காற்று நீச்சல்காரனைவிட வேகமாக அடித்துக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதனால் விழும்போதே ஒரு கயிறு கையில் இருக்க வேண்டும்.

தண்ணீரில் செய்ய வேண்டியதைக் கை கால் பழகும் அளவுக்கு ஒத்திகை பாருங்கள். பாய்ப்பக்கம் விழுந்தால், பாயை இழுத்து விடும் மெயின்ஷீட் கயிற்றை விடாமல், பின்பக்கம் சுற்றி நீந்தி, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையான சென்டர்போர்டுக்கு வந்துவிட வேண்டும். பலகை முழுதாக வெளியே வந்திருக்கிறதா பார்த்து, அதில் எடையைப் போட வேண்டும். பலகை நுனியில் நிற்காதீர்கள், ஒடியும். படகை ஒட்டி நில்லுங்கள். மெயின்ஷீட், பூம் கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிறு இரண்டும் தளர்ந்திருக்கட்டும். இரண்டு பேர் என்றால் ஒருவர் மர நுனியைத் தாங்கலாம், லைஃப் ஜாக்கெட் அவரைத் தாங்கும். முன்முனை காற்றைப் பார்க்கும்படி திருப்பிய பிறகே தூக்குங்கள். இல்லாவிட்டால் காற்று பாய்க்கு அடியில் புகுந்து மறுபக்கம் கவிழ்த்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் என்னை மடக்கிய கேள்வி: குப்புறக் கவிழ்ந்த பிறகு மேலேறப் பிடியாக எது இருக்கும்? பலகை என்றேன். "அது உறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துவிட்டால்?" என்றார் தேர்வாளர். எலாஸ்டிக் கயிறால் கட்டியிருக்க வேண்டும், அதைக் கரையிலேயே பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் தடவை படகைத் தள்ளுமுன் பாய்மரத்தைக் கழற்றி, ஒரு முனையைத் தூக்கி ஆட்டினேன். தேங்காய் வாங்கும்போது காதோரம் வைத்து ஆட்டுவோமே, அதே மாதிரி. தேர்வாளர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன் ஐயா என்றேன். அவரும் ஒருமுறை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.