பெல்லி டான்ஸ் காஸ்ட்யூம்: தைச்சதும் படிச்சதும் ஆடிப் பாத்ததும்

பெல்லி டான்ஸ் கிளாஸ்ல ஹிப் டிராப் (இடுப்பை டக்குனு கீழ இறக்கறது), ஷிம்மி (இடுப்பை வேகமா நடுங்க வைக்கறது), இடுப்பால எட்டு போடறதுன்னு அடிப்படை ஓரளவு பிடிபட்டதும் என் கவனம் மொத்தமா டிரஸ் பக்கம் போயிடுச்சு. ரெடிமேடா வாங்காம பெல்ட்டையும் பிராவையும் நானே தைக்கணும், அதுக்கு முன்னாடி இந்த டிரஸ் எங்கருந்து எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணேன், ஏன்னா எந்தக் காலத்து டிரஸ்னு தெரியாம தைச்சா அதுக்கேத்த ஆட்டம் எதுன்னும் தெரியாது. தைச்சது, படிச்சது, ஆடிப் பாத்தது எல்லாத்தையும் கலந்துதான் எழுதறேன்.

பெல்லி டான்ஸ்னு சொன்னதும் எல்லார் மனசுலயும் வர்றது ஒரே டிரஸ்தான். மணி வச்சு தைச்ச பிரா, ஜல்ஜல்னு தொங்கற பெல்ட், கீழ ஷிஃபான் ஸ்கர்ட். எகிப்துல இதை பத்லான்னு சொல்றாங்க. இது பாரோ காலத்துல இருந்து வர்றதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, ஆனா இந்த செட் கெய்ரோ மேடைக்கு வந்து சுமார் நூறு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி ஆடினவங்க உடுப்பு பெரும்பாலும் வயித்தை மூடித்தான் இருந்துச்சு.

19ஆம் நூற்றாண்டு எகிப்துல தெருவுலயும் கல்யாண வீட்டு முற்றத்துலயும் ஆடினவங்களை கவாஸின்னு சொல்வாங்க. எட்வர்ட் லேன்னு ஒரு ஆங்கிலேயர் கெய்ரோவுல தங்கி எழுதி 1836ல வெளியிட்ட புத்தகத்துல இவங்க உடுப்பை நல்லா கவனிச்சு எழுதியிருக்கார், அது நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணுங்க வீட்டுக்குள்ள போட்டுக்கற உடுப்பு மாதிரியேதான் இருந்திருக்கு. உள்ள மெல்லிசா ஒரு சட்டை, ஷிந்தியான்னு தொளதொள பேண்ட், மேல யெலெக்னு உடம்பை ஒட்டின நீளமான கோட், அப்புறம் இடுப்பைச் சுத்தி தழைய கட்டின ஒரு சால்வை. விரல்ல சாகாத்னு சின்ன பித்தளைத் தாளம். அவ்வளவுதான். இதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த சால்வை. எல்லாமே வீட்டு டிரஸ் மாதிரிதான், ஆனா ஆடறப்ப கண்ணை இழுத்து இடுப்புல நிறுத்தறது அந்த ஒரு கட்டுதான். இப்ப நாங்க கிளாஸ்ல பிராக்டிஸ்க்கு கட்டிக்கற காயின் ஸ்கார்ஃப் வரைக்கும் அந்தக் கட்டு மாறவே இல்லன்னு புரிஞ்சதும், நான் முதல்ல பெல்ட்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு தெளிவாயிடுச்சு.

1834ல எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா இவங்களை கெய்ரோவை விட்டே தெக்க எஸ்னா, கெனா, அஸ்வான் பக்கம் விரட்டிட்டார். அதனாலதான் பின்னாடி வந்த ஐரோப்பிய டூரிஸ்ட்டுங்க நைல் நதியில படகு பிடிச்சுப் போய் இவங்க ஆட்டத்தைப் பாத்தாங்க. ஊரை விட்டு துரத்தின ஆட்டம் அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு பாரிஸ், சிகாகோன்னு உலகக் கண்காட்சியில டிக்கெட் போட்டு காட்டற ஐட்டமா ஆனதைப் படிக்கறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 1889 பாரிஸ் கண்காட்சியில ஒரு கெய்ரோ தெருவே செட் போட்டாங்க, 1893 சிகாகோவுலயும் அதே மாதிரி. அந்த சிகாகோ போட்டோஸை பெருசு பண்ணி பாருங்க, பொண்ணுங்க நீளமான பாவாடை, சட்டை, மேல குட்டி வெஸ்ட், இடுப்புல கட்டு, இப்படித்தான் இருக்காங்க. இதைத்தான் அன்னைக்கு அமெரிக்கா ஆபாசம்னு கத்துச்சு! துணி முழுசா இருந்தும், கார்செட்னு இடுப்பை இறுக்கற உள்ளாடை போடாத இடுப்பு அப்படி அசையறதே அவங்களுக்கு அதிர்ச்சியா இருந்திருக்கு.

மணி வச்ச பிரா மேற்கத்திய மேடையில முன்னாடியே வந்துடுச்சு. மாட் ஆலன்னு ஒருத்தங்க 1906ல வியன்னாவுல பைபிள் கதையில வர்ற சலோமி வேஷத்துல ஆடினாங்க, 1908ல லண்டன்ல அது பெரிய பரபரப்பு, முத்தும் கல்லும் கோர்த்த மேல் கச்சை, கீழ மெல்லிசு ஸ்கர்ட், நடுவுல வெறும் வயிறு. அவங்களைப் பாத்து ஊரெல்லாம் சலோமி, அப்புறம் ஊமைப்படத்துலயும் கிழக்கத்திய நாட்டியக்காரின்னா இதே டிரஸ்தான். அந்த சமயத்துலதான் லெவன்ட் (சிரியா, லெபனான்) பக்கத்துல இருந்து வந்த பதியா மசப்னி 1926ல கெய்ரோவுல சொந்தமா மியூசிக் ஹால் திறந்தாங்க. என்னைக் கேட்டா இந்த வரலாறுல பெரிய ஆள் இவங்கதான். வீட்டு முற்றத்துல நின்ன இடத்துலயே ஆடின ஆட்டத்தை பெரிய மேடைக்கு கொண்டு வந்தாங்க, ஆர்க்கெஸ்ட்ராவைப் பெருசு பண்ணாங்க, கையை விரிச்சு மேடை முழுக்க நகர வச்சாங்க, பின்னாடி குரூப் டான்ஸர்ஸ் வச்சாங்க. பின்னாடி பெரிய பேர் எடுத்த டான்ஸர்ஸ் தஹியா கரியோக்கா, சாமியா கமால் ரெண்டு பேருமே அங்க வளர்ந்தவங்கதான். கடைசி வரிசையில உக்காந்திருக்கறவருக்கும் இடுப்பு தெரியணும்னா துணி சால்வை பத்தாது, லைட் பட்டா மின்னணும், அசைஞ்சா தொங்கல் ஆடணும். மேற்கு பக்கம் புழங்கின கற்பனை டிரஸ் கெய்ரோ மேடையில வேலைக்கு ஆகற டிரஸா மாறினது இப்படித்தான்னு நான் புரிஞ்சுக்கறேன்.

சரி, தையலுக்கு வரேன். பெல்ட்டை நேரான பட்டையா வெட்டவே கூடாது. இடுப்பு கீழ போகப் போக அகலமாகுது இல்ல, நேர் பட்டை கட்டினா மேல் ஓரம் உடம்பை விட்டு விலகி நிக்கும், ஆடறப்ப ஏறி ஏறி வரும். அதனால பேப்பர்ல வளைவா பேட்டர்ன் போட்டு முன்பக்கம் பின்பக்கம்னு ரெண்டு துண்டா வெட்டினேன், ரெண்டு சைடுலயும் ஹூக். உள்ள பக்ரம் ஒரு லேயர், கெட்டி கேன்வாஸ் ஒரு லேயர் சேர்த்து வரிவரியா மெஷின்ல அடிச்சு, மேல சாட்டின் போட்டு மூடி, உள்பக்கம் வேர்வை இழுக்கற மாதிரி காட்டன் லைனிங். பிராவுக்கு கெட்டியான கப் வச்சதை எடுத்து எலாஸ்டிக் ஸ்ட்ராப், பின்பட்டை ரெண்டையும் வெட்டி எறிஞ்சுட்டு இழுபடாத நாடாவுல புதுசா தைச்சேன். மணி வெயிட்டுக்கு எலாஸ்டிக் தாங்காது, ஆட ஆட கீழ இறங்கும்.

மணி வேலைக்கு நம்ம ஆரி ஒர்க் கடையில கிடைக்கற சாமானே போதும், சுகர் பீட்ஸ், பைப் பீட்ஸ், சமிக்கி. தொங்கலுக்கு பைப் பீட்ஸ் எடுத்து வச்சதும் கடையில இருந்த ஆரி அக்கா, "இதோட முனை கத்தி மாதிரி இருக்கும்மா, நூலை அறுத்துரும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சுகர் பீட்ஸ் போட்டு கோத்துக்கோ"ன்னு சொன்னாங்க. அது தங்கமான வார்த்தை. மெழுகு தடவின நைலான் நூல் டபுளா, மேல இருந்து கோத்துட்டே வந்து கடைசி மணியை மட்டும் சுத்தி அதே வழியா ஊசியைத் திருப்பி மேல ஏத்தி, ஒவ்வொரு சரத்துக்கும் தனித்தனி முடிச்சு. நூலை வெட்டாம ஒரே ஓட்டமா கோத்துட்டு போனா ஒரு இடத்துல அறுந்தா போதும், மேடை பூரா மணி கொட்டும், காலை வச்சா வழுக்கும். தனித்தனி முடிச்சுன்னா ஒரு சரத்தோட போயிடும். பிராவுக்கு நடுவுல மட்டும் கொஞ்சம் தொங்கல், மீதி சமிக்கிதான்.

தொங்கல் எவ்ளோ நீளம் வைக்கறதுங்கறதுதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமான பகுதி. ஸ்கூல்ல ஊசல் படிச்சிருப்போம், நீளம் நாலு மடங்கானா ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரம் ரெண்டு மடங்காகும், அதே கணக்குதான் இங்கயும். நீளத் தொங்கல் மெதுவா வீசும், டக்ஸிம்னு ஒரு வாத்தியம் மட்டும் தனியா மெதுவா வாசிக்கறப்ப இடுப்பால பெருசா வட்டம் போட்டா அது பின்னாடியே சுத்தி வந்து அசைவை இன்னும் பெருசா காட்டும். அதையே டிரம் சோலோவுக்கு கட்டிட்டுப் போனா, தபலாக்காரர் (நம்ம ஊர் தபலா இல்ல, எகிப்து முரசு வாசிக்கறவர்) டக்குனு ஒரு அடி அடிச்சு நிறுத்துவார், நாமளும் ஹிப் டிராப் போட்டு நிப்போம், தொங்கல் மட்டும் நிக்காம ஆடிட்டே இருக்கும், அந்த அடியோட கூர்மையே போயிடும். எங்க டீச்சர் பழைய பெல்ட் ரெண்டு குடுத்து ரெண்டுலயும் ஆடிப் பாக்க சொன்னாங்க, கண்ணாடியில பாத்தப்ப வித்தியாசம் பளிச்னு தெரிஞ்சுது. அதனால என் பெல்ட்ல சைடுல நாலு விரல்கட்டை நீளம், முன்னாடியும் பின்னாடியும் நடுவுல மட்டும் ஒரு சாண். ஷிம்மி பண்றப்ப சைடு தொங்கல் நடுங்குது, நடுவுல இருக்கறது மெதுவா அசையுது, ரெண்டும் சேர்ந்து பாக்க அவ்ளோ நல்லா இருக்கு.

பழைய கறுப்பு வெள்ளை எகிப்து படங்களை இதுக்கப்புறம் பாத்தா வேற மாதிரி தெரியுது. தஹியா கரியோக்கா ஒரு சின்ன இடத்துக்குள்ளயே நின்னு, கையைக் கூட அதிகம் அலட்டாம ஆடுவாங்க, அவங்களுக்கு தொங்கலே துணை ஆட்டக்காரி. சாமியா கமால் ஹை ஹீல்ஸ் போட்டுட்டு நீள மேல்துணியை பின்னாடி பறக்க விட்டு ஓடி வருவாங்க, அவங்களுக்கு ஸ்கர்ட் விரியறதுதான் அழகு. 1980கள் தாண்டி லைக்ரா துணி வந்ததும் கெய்ரோவுல தொங்கல் குறைய ஆரம்பிச்சுது, துணியே உடம்போட ஒட்டறதால அசைவு நேரா தெரியுது. ஆனா மறைக்க ஒண்ணும் இல்லாததால ஆட்டமும் ரொம்ப சுத்தமா இருக்கணும்.

1952 புரட்சிக்கு அப்புறம் எகிப்துல இன்னொரு மாற்றம், வயித்தை மூடணும்னு விதி வந்துச்சு. டான்ஸர்ஸ் அதே பத்லாவுக்கு நடுவுல மெல்லிசா வலைத்துணி போட்டு சமாளிச்சாங்க, அப்புறம் அதுவே ஒரு டிசைனா ஆகி பிராவும் ஸ்கர்ட்டும் வலையால இணைஞ்ச ஒரே பீஸ் டிரஸ் எல்லாம் வந்துச்சு. 1959ல மஹ்மூத் ரெடா ஆரம்பிச்ச ரெடா நாட்டுப்புற நடனக் குழுவுல ஃபரிதா ஃபஹ்மி உடம்பு முழுக்க மூடின கவுன் போட்டு ஆடினாங்க. எனக்கு இது பெரிய தைரியம் குடுத்துச்சு. கிளாஸ் ஆளுங்களும் குடும்பங்களும் மட்டும் வந்த ஒரு சின்ன நிகழ்ச்சியில நான் ரெண்டு ஐட்டம் ஆடினேன், முதல்ல பலதின்னு சொல்ற எகிப்து மண்வாசனைப் பாட்டுக்கு கழுத்துல இருந்து பாதம் வரைக்கும் நீளமான கவுன், இடுப்புல ஸ்கார்ஃப். அப்புறம் டிரம் சோலோவுக்கு என் பெல்ட் செட், நடுவுல தோல் கலர் வலை. எங்க அத்தைக்கு பிடிச்சது முதல் ஐட்டம்தான், "இதுல உன் இடுப்பு இன்னும் நல்லா தெரியுதுடி"ன்னாங்க. கவுன்ல வேற எதுவுமே மின்னாததால கண்ணு நேரா அந்தக் கட்டுக்குத்தான் போகுது, கவாஸிங்க கட்டின சால்வைக்கும் அதே வேலைதான்னு அத்தை கிட்ட உக்காந்து விளக்கமா சொன்னேன், பொறுமையா கேட்டாங்க.

சாகாத் இன்னும் பாட்டோட சேர்ந்து முழுசா வரல. மக்ஸூம் தாளம் தும் தக் - தக் தும் - தக் -, கோடு இருக்கற இடம் சத்தமில்லாம விடறது, அதையும் சேர்த்து எட்டு எண்ணிக்கை. அதுக்கு மேல வலது இடது வலதுன்னு விரல் அடிக்கறதை தகிட சொல்லி ஒரு இடம் விட்டு மறுபடி தகிடன்னு வாயால சொல்லிட்டே பழகறேன், உக்காந்து அடிச்சா வருது, ஷிம்மியோட சேர்த்தா கை அவசரப்படுது. எலாஸ்டிக்கை நடுவிரல்லயும் கட்டைவிரல்லயும் நகத்துக்கு கொஞ்சம் கீழ இறுக்கமா மாட்டினா சத்தம் சுத்தமா வருது, தளர்வா இருந்தா தகரம் தட்டற மாதிரி இருக்கு.

அமெரிக்காவுல இதுக்கு தனியா ஒரு கிளை இருக்கு. 1968ல கலிஃபோர்னியாவுல ஜமிலா சலிம்பூர் ஆரம்பிச்ச பல் அனத் குழு, அப்புறம் 1987ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கரோலினா நெரிச்சியோ ஆரம்பிச்ச குழு. அவங்க டிரைபல் ஸ்டைல்ல ராஜஸ்தான் குஜராத் பக்கத்து முதுகு திறந்த சோளி, ஆப்கான் பக்கத்து குச்சின்னு ஒரு நாடோடி மக்களோட நகை, பல கஜம் துணியில பாவாடைன்னு பல ஊரு சாமானையும் சேர்த்து கட்டிக்கறாங்க. பாக்க ரொம்ப பிடிக்கும், ஆனா அதை எகிப்து ஆட்டம்னு சொல்லிக் குடுக்கறது எனக்கு ஒப்பல, அது அமெரிக்காவுல பிறந்த தனி ஆட்டம், அப்படியே மதிச்சாதான் ரெண்டு பக்கத்துக்கும் நியாயம்.

அடுத்து கையில எடுக்கறது தெல்லி. எகிப்துல அஸ்யூட் ஊர் வேலை இது, காட்டன் வலைத்துணியில தட்டையான உலோகப் பட்டையை அகல ஊசியால கண்ணிக்குள்ள விட்டு குறுக்கா மடிச்சு நகத்தால அழுத்தி வெட்டுவாங்க, அப்படியே சேர்த்து சேர்த்து முக்கோணம், ஒட்டகம், மனுஷ உருவம்னு கொண்டு வருவாங்க. நம்ம லக்னோவுல பத்லான்னு சொல்ற உலோகப் பட்டையை (எகிப்து டிரஸ் பேர் வேற, இது வேற) வச்சு பண்ற முகேஷ் ஒர்க்கும் கிட்டத்தட்ட இதே நுட்பம், அதனால பட்டை இங்கயே கிடைச்சுடுச்சு, வலை மட்டும் அறுகோணக் கண்ணியா, நைலான் கலக்காத சுத்த காட்டனா தேடிட்டு இருக்கேன். முழு சால்வை எல்லாம் இப்ப இல்ல, இடுப்புல கட்டற அளவுக்கு ஒரு துண்டு, ஓரத்துல ஒரு வரிசை முக்கோணம்.