கண்ணாடியில் ஒட்டிய வானவில்

காலையில் காபி வாங்கப் போனேன். தன்பால் ஈர்ப்பினருக்கு ஆதரவாகக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வானவில் ஸ்டிக்கரை ராத்திரி யாரோ கீறிக் கிழித்திருக்கிறார்கள்.

கல்லாவில் நிற்கும் பையன் பிளேடால் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஊதா மட்டும் வராமல் அடம்பிடித்தது.

"மூணாவது தடவை" என்றான்.

"இந்த ஊரிலா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ். பல்கலைக்கழக ஊர். நல்ல ஊர் என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

1998 அக்டோபர். பக்கத்து மாநிலம் வயோமிங்கில் லாரமி, அதுவும் பல்கலைக்கழக ஊர்தான். மேத்யூ ஷெப்பர்ட் என்ற, தன்பால் ஈர்ப்பு கொண்ட 21 வயது மாணவனை அடித்து நொறுக்கி வேலியில் கட்டிப்போட்டார்கள். சுமார் 18 மணி நேரம் கழித்து சைக்கிளில் வந்தவர், முதலில் சோளக்கொல்லைப் பொம்மை என்றே நினைத்தாராம்.

அவனைக் கொண்டுவந்து சேர்த்தது எங்கள் ஊர் மருத்துவமனையில். 12ஆம் தேதி உயிர் போனது.

அவன் இங்கே நினைவில்லாமல் கிடந்தபோதே, இதே ஊரின் மாணவர் ஊர்வலத்தில் ஒரு வண்டியில் சோளக்கொல்லைப் பொம்மையைக் கட்டி, வசவு எழுதி ஓட்டினார்கள்.

படித்த பிள்ளைகள். இதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

2009இல் அவன் பெயரையும் தாங்கி, வெறுப்புக் குற்றங்களுக்கு எதிரான மத்தியச் சட்டம் வந்தது. வரவேண்டியதுதான்.

ஆனால் 'சகிப்புத்தன்மை' என்ற சொல்லே எனக்கு ஒப்பவில்லை. பல்வலியைச் சகிக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையையா சகிப்பது?

பையன் புது ஸ்டிக்கரை எடுத்தான். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். குமிழி வராமல் மெதுவாகத் தடவி ஒட்டினோம்.

காபி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தந்தான்.