ஹிரோஷிகேவின் மழையும் என் ஸ்கேலும்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே பாலத்தோடு போய்விட்டன. 1857-இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேவின் பெயரில் வந்த மரக்கட்டை அச்சுப் படம் அது. சுமிதா ஆறு, மேலே ஷின் ஓஹாஷி பாலம், திடீர் மழை, குடைக்குள்ளும் பாய்க்குள்ளும் ஒடுங்கி ஓடும் ஆட்கள். போஸ்டர் கலரில் அதைப் பார்த்து வரைவதுதான் பயிற்சி. மூல அச்சு ஏறக்குறைய 36க்கு 24 சென்டிமீட்டர். நானும் தாளை அந்த அளவுக்கே வெட்டிக்கொண்டேன்.

பாலமும் ஆட்களும் சுலபமாக வந்துவிட்டார்கள். வானத்தில்தான் மாட்டினேன். உச்சியில் கரிய மேகம், கீழே இறங்க இறங்க வெளுக்க வேண்டும். ஜப்பானியர்கள் இதை 'பொகாஷி' என்கிறார்கள். அச்சிடுபவர் கட்டையை ஈரப்படுத்தி, மையை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் லேசாகவும் பரப்பித் தாளை வைத்துத் தேய்ப்பார். ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக இதைச் செய்தாக வேண்டும். என் போஸ்டர் கலரோ பாதி இழுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. மூன்றாவது முறை தாளையே நனைத்துவிட்டுத் தடவினேன். மேகம் வந்தது, தாள் அப்பளமாக நெளிந்தது.

அப்புறம் மழை. கட்டையில் மழைக்கோடு என்பது மேடு. சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு, மயிரிழை அகலத்துக்கு மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். அதைச் செய்தவர் ஹிரோஷிகே அல்ல, பெயர் வெளியே தெரியாத ஒரு செதுக்குநர். வரைய ஒருவர், செதுக்க ஒருவர், அச்சிட ஒருவர் என்று அங்கே ஆள் இருந்தது. இங்கே எல்லாம் நானே!

முதலில் ஸ்கேல் வைத்து இழுத்தேன். ஜன்னல் கம்பி போல இருந்தது. உற்றுப் பார்த்தால் மூலத்தில் கோடுகள் இரண்டு சாய்வில், லேசாக ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. ஸ்கேலை எறிந்துவிட்டு, பழைய செய்தித்தாளில் தோளிலிருந்து கையை வீசிப் பழகினேன்.

வான்கோவும் 1887-இல் பாரிஸில் இதே படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். சுற்றிலும் ஓரம் கட்டி, வேறு அச்சுகளில் பார்த்த ஜப்பானிய எழுத்துகளை நிரப்பிவைத்தார். அவர் தண்ணீரில் தூரிகைத் தடங்கள் புரள்கின்றன. அழகுதான், ஆனால் மழை அதில் அடங்கிப்போகிறது என்பது என் எண்ணம்.

என் மழை பரவாயில்லை. ஆற்றில் தெப்பம் தள்ளுகிறவர் தலைமேல் மட்டும் ஒரு கோடு தடித்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இவனுக்கு மட்டும் குழாயத் தொறந்து விட்டியா?" என்றாள்.