'குவைட் குட்' வாங்கிய கதை

முதல் கட்டுரைக்கு 52 மதிப்பெண் வந்திருந்தது, நூற்றுக்குத்தான். ஊரில் என்றால் அப்பா கண்ணில் படாமல் ஒளித்திருப்பேன். இங்கிலாந்தில் முதுகலைக்கு 50 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். அதனால் 52க்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கீழே இருந்த குறிப்புதான் தெம்பு கொடுத்தது. 'குவைட் குட்' என்று ஆரம்பித்து, வாக்கியங்களில் செய்தவர் மறைக்கப்படும் இடங்களையும் நீங்கள் பார்க்க விரும்பலாம் என்று முடித்திருந்தார் ஆசிரியர். உடனே அம்மாவுக்கு போன். "ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா." அம்மா அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

பார்க்க விரும்பலாம் என்றுதானே எழுதியிருந்தார்? எனக்கு விருப்பமில்லை, பார்க்கவில்லை. அடுத்த கட்டுரைக்கு 51. பக்கத்து அறை யார்க்‌ஷயர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். ஆசிரியர் 'குவைட் குட்' என்று எழுதினால் 'ஏதோ பரவாயில்லை' என்று அர்த்தம். 'பார்க்க விரும்பலாம்' என்றால் பார்த்தே தீர வேண்டும். விளக்குப் போட்ட எண்ணெய்க்குக் கணக்குக் கேட்டு அம்மன் வராத குறை.

கொடுமை என்னவென்றால், நான் படிக்க வந்ததே இதைத்தான். விமர்சனச் சொல்லாடல் பகுப்பாய்வும் நடையியலும். ஒரு வாக்கியம் எதைச் சொல்லாமல் விடுகிறது, அதனால் யாருக்கு லாபம் என்று துருவுகிற படிப்பு. வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் 1979இல் எழுதியது. 1975இல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சாலிஸ்பரியில் போலீஸ் சுட்டு கறுப்பின மக்கள் இறந்தார்கள். லண்டன் டைம்ஸ் தலைப்பு செயப்பாட்டு வினையில் இருந்தது. அதில் கலகம் செய்த கறுப்பர்கள் முன்னால் நின்றார்கள், சுட்ட போலீஸ் பின்னால் போனது. மறுநாள் செய்தியில் போலீஸையே காணோம். கலவரத்தில் இறந்துவிட்டார்களாம்.

எனக்குக் கோயம்புத்தூர் பக்கத்து அன்னூர் வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. "டம்ளர் உடைஞ்சு போச்சும்மா" என்பேன். "தானா உடைஞ்சுச்சா?" என்பார் அம்மா. தமிழில் தப்பிக்கச் செயப்பாட்டு வினைகூட வேண்டாம், 'உடைத்தேன்' என்பதை 'உடைந்தது' என்றாக்கினால் போதும். ஆனால் அம்மாவிடம் அது செல்லுபடியாகாது. இந்த வித்தையை, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான நார்மன் ஃபேர்க்ளஃப் எழுதித்தான் உலகம் கற்றது என்று நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கிறது.

நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்படி ஓர் இருட்டில் நூலகத்தில் உட்கார்ந்து, பணிவுப் பேச்சைப் பற்றி பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எழுதிய புத்தகத்தைப் பிரித்தேன். 1978இல் நீண்ட கட்டுரையாக வந்து, 1987இல் தனி நூலானது. மூன்று மொழிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒன்று ஆங்கிலம், இன்னொன்று மெக்சிகோவின் செல்டால். மூன்றாவது தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் தமிழ்! அமைதி காக்கும் தளம் அது. வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு ரோமன் எழுத்தில் கிடந்தது. யாராவது கிடைத்தால் காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேஜைப் பையன் காதில் ஹெட்ஃபோனோடு தூங்கிக்கொண்டிருந்தான்.

புத்தகத்தின் மையம் 'முகம்'. எதிராளியின் முகம் கெடாமல் பேசத்தான் மனிதர்கள் சுற்றி வளைக்கிறார்கள் என்கிறது. முகம் கோணாமல் பேசு, மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லாதே என்று கேட்டே வளர்ந்தவளுக்கு அது கோட்பாடாகவே தெரியவில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார்கள். அந்த இடம் அமையாது என்று பத்து வயதில் எனக்கே தெரிந்தது. யாரும் விளக்கவில்லை. அப்படிப்பட்டவள் 'குவைட் குட்'டில் போய் விழுந்திருக்கிறேன்.

மூன்றாவது கட்டுரையை விடுதி அலுவலக மின்னஞ்சலை வைத்தே எழுதினேன். 'சமையலறை அசுத்தமாக இருப்பது கவனிக்கப்பட்டுள்ளது, அபராதம் விதிக்கப்படலாம்.' கவனித்தவர் யார், விதிக்கப்போகிறவர் யார் என்று நாலு பக்கம். 64 வந்தது. 'நாட் பேட் அட் ஆல்' என்று குறிப்பு. இந்த முறை நிஜமாகவே பாராட்டு, விசாரித்துவிட்டேன்.

இப்போது பழகிவிட்டது. என் காலை மிதித்தவரிடம் நானே சாரி சொல்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறேன். சொல்லிவிட்டு நடக்கையில், சத்தி ரோட்டில் "வேகமா எறங்குங்க" என்று கத்துகிற கண்டக்டரின் குரல் காதில் கேட்கும். விரட்டும்போதுகூட அந்த 'ங்க' விட்டுப்போகாது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டார்: "பொங்கலுக்கு வர்றியா சாமி?"

டிக்கெட் விலையைப் பார்த்து வைத்திருந்தேன். ஜனவரியில் கட்டுரை வேறு கொடுக்க வேண்டும். "பார்க்கலாம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செரி கண்ணு. அரிசிமாவு முறுக்கு சுட்டு அனுப்பட்டுமா?" என்றார்.